ராத்திரிச் சட்டியை அள்ளியவன்

1996இல் 'சிறைச்சாலை' படம் எங்கள் ஊர்ப்பக்கத்து டவுனுக்கு வந்தபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படம் பார்க்கிற ஆள் இல்லை. "ஜெயிலப் பத்துன படம் பெரியப்பா, வாங்க" என்றதும் கிளம்பிவிட்டார். எங்கள் சேரியில் ஜெயிலுக்குப் போய் வந்த நாலு பேரில் அவரும் ஒருவர். கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் "நான்லாம் ஜெயிலப் பாத்தவன்டா" என்று மீசையைத் தடவிக்கொள்வார். என்ன பார்த்தார் என்று மட்டும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

தியேட்டரில் நல்ல கூட்டம். மோகன்லால் அந்தமான் சிறையில் அம்ரீஷ் பூரியின் பூட்சை நாக்கால் நக்குகிற காட்சி வந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. முகுந்தனாக வரும் பிரபு சுட்டுக் கொல்லப்படும்போது பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்று வெள்ளைக்காரனைத் திட்டினார். பெரியப்பா அசையவில்லை. படம் முடிந்து சைக்கிளில் டபுள்ஸ் போகும்போது பின்னாலிருந்து கேட்டார்:

"ஏண்டா, அத்தினி ரூமு இருந்துச்சே, ராத்திரி உள்ளாறயே போவானுங்க இல்ல, அந்தச் சட்டிய யாருடா அள்ளுனது?"

எனக்கு பதில் தெரியவில்லை. "அதெல்லாம் படத்துல காட்ட மாட்டாங்க பெரியப்பா" என்றேன்.

"ஏன் காட்ட மாட்டான்? பூட்ச நக்குறத காட்டுனான் இல்ல?"

அன்றைக்குத்தான், இருபது வருஷத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அவர் சொன்னார். எழுபதுகளில் கூலி உயர்வு கேட்டு அறுவடையை மறித்தபோது ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு பேர் சேரி, மூணு பேர் ஊர்த்தெருத் தோழர்கள். ஒரே வேன், ஒரே விலங்கு, ஒரே கோஷம். ஜெயில் கேட்டில் உட்கார்ந்திருந்த ஆள் பேரைக் கேட்டான், அப்பன் பேரைக் கேட்டான், அப்புறம் சாதியைக் கேட்டு ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டான். விடிந்ததும் நாலு பேரை மட்டும் கூப்பிட்டுக் கையில் வாளியும் தகரமும் கொடுத்தார்கள். விசாரணைக் கைதிக்கு வேலை கிடையாது என்று சட்டம் சொல்கிறதாம். பீ அள்ளுவது 'வேலை' கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. மூணு தோழர்களில் ஒருத்தர் பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னாராம்: "பிரச்சின வேணாம் தோழர், வெளிய போயி பாத்துக்கலாம்."

இருபத்திமூணு நாள். வெளியே வந்ததும் ஏழு பேருக்கும் மாலை போட்டார்கள். "மாலய வாங்கறப்ப கைய மோந்து பாத்துக்கிட்டேன்டா" என்றார் பெரியப்பா.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுதப்படுகிறது. படத்தைக் குறை சொல்வது நோக்கமல்ல. எந்த அவமானத்தைப் பார்த்து நாம் அழுகிறோம், எந்த அவமானம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை என்பதைக் கேட்டுப் பார்ப்பதுதான் நோக்கம்.

*

பிரியதர்ஷன் இயக்கிய இந்தப் படம் மலையாளத்தில் 'காலாபானி', தமிழில் 'சிறைச்சாலை'. கதை 1915ஐ ஒட்டி நடக்கிறது. டாக்டர் கோவர்த்தன், செய்யாத ரயில் குண்டுவெடிப்புக் குற்றத்துக்காகக் கல்யாண நாளன்றே கைதாகி அந்தமானுக்கு அனுப்பப்படுகிறான். பார்வதியாக வரும் தபு காத்துக்கொண்டே இருக்கிறாள். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும் சாபு சிரிலின் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. இளையராஜா இசை. உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்லுலார் சிறையின் நீண்ட தாழ்வாரங்களும் கம்பிக் கதவுகளும் அப்படியே நெஞ்சில் நிற்கின்றன.

அழுகைப் படத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் ஒருவனை உயரத்தில் காட்ட வேண்டும். படித்தவன், அழகன், ஊர் மெச்சும் பிள்ளை. அப்புறம் அவனைக் கீழே தள்ள வேண்டும். எந்த அளவு உயரமோ அந்த அளவு கண்ணீர். சரி, 'கீழே' என்றால் என்ன? மாட்டைப் போலச் செக்கிழுப்பது, நார் உரிப்பது, கசையடி வாங்குவது, எவன் காலிலோ விழுவது. அதாவது, தினசரி வாழ்க்கையில் வேறு யாரோ செய்துகொண்டிருந்ததை இவன் செய்ய நேர்வது. டாக்டர் பூட்சை நக்கினால் அது கொடுமை. பண்ணையாள் ஆண்டையின் செருப்பைத் தலையில் வைத்துச் சுமந்தால் அது வழக்கம். வழக்கத்தைப் பார்த்து யாரும் டிக்கெட் வாங்கி அழுவதில்லை.

இந்தக் கணக்கு 'சிறைச்சாலை'யோடு தொடங்கவில்லை. 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. 1908இல் நீதிபதி பின்ஹே தீவாந்தர தண்டனை விதித்த வ.உ.சி.யைச் சிவாஜி வாழ்ந்து காட்டினார். கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தது உண்மை. அந்த மனுஷர் கப்பல், சொத்து, தொழில் எல்லாவற்றையும் இழந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது ஏழையாக வந்தார் என்பதும் உண்மை. அந்தத் துன்பத்தைச் சிறிதாக்கினால் நம் வாய்தான் அழுகும். ஆனால் அந்தக் காட்சியைப் பார்க்கிறபோது பார்வையாளன் மனதில் ஓடுவது என்ன? 'எப்பேர்ப்பட்டவருக்கு இந்த நிலைமையா' என்பதுதான். அந்த 'எப்பேர்ப்பட்டவர்' என்ற சொல்லுக்குள்ளே இன்னொரு வாக்கியம் ஒளிந்துகொண்டிருக்கிறது: இந்த நிலைமைக்கென்றே பிறந்தவர்கள் வேறே இருக்கிறார்கள்.

*

சினிமாவை விட்டுவிட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். அந்தமானில் இருந்தவர்கள் யார்?

1857 எழுச்சி அடக்கப்பட்ட பிறகு, 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் ஜே.பி. வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். காட்டை வெட்டியது, சதுப்பைத் தூர்த்தது, காய்ச்சலில் செத்தது எல்லாம் கைதிகள். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறையைக் கட்டியதும் கைதிகளே. ஏழு சிறகு, மூன்று மாடி, ஒவ்வொரு அறையும் சுமார் பதிமூன்றரை அடிக்கு ஏழு அடி. தன்னை அடைக்கப்போகிற சுவரைத் தானே எழுப்பினான் கைதி. அந்தமானுக்கு மொத்தம் அனுப்பப்பட்டவர்கள் சுமார் எண்பதாயிரம் பேர். இதில் நாம் 'தேசபக்தர்' என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறவர்கள் சில நூறு பேர். மிச்சப் பேர் கொலை, கொள்ளை, திருட்டு என்று தண்டிக்கப்பட்ட சாதாரண சனங்கள். அவர்களில் ஆண்டையை வெட்டியவன் எத்தனை பேர், பசிக்குத் தானியம் கொள்ளையடித்தவன் எத்தனை பேர் என்று தனியாகப் பிரித்து எந்த நினைவுச்சின்னத்திலும் எழுதி வைக்கவில்லை. தீர்ப்பில் 'குற்றவாளி' என்று போட்டதோடு அவர்கள் கதை முடிந்தது.

அப்படி ஒரு 'சாதாரணக் கைதி'தான் ஷேர் அலி அப்ரிதி. கொலைக் குற்றத்துக்காக அந்தமானுக்கு வந்தவன். 1872 பிப்ரவரி 8ஆம் தேதி, தீவைச் சுற்றிப்பார்க்க வந்த வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றான். அடுத்த மாதமே வைப்பர் தீவில் அவனைத் தூக்கில் போட்டார்கள். இந்தியாவை ஆண்ட வைஸ்ராய் ஒருவரைக் கொன்றவனுக்கு நம் பாடப்புத்தகத்தில் கிடைத்தது அதிகம் போனால் ஒரு வரி.

இன்னும் இருக்கிறார்கள். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம். அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்த பாந்து என்ற வடநாட்டுச் சனங்களை 1920களில் பெண்டு பிள்ளைகளோடு அந்தமானில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். 1921 மலபார் எழுச்சிக்குப் பிறகு நாடுகடத்தப்பட்ட மாப்பிளைமார் அங்கே மஞ்சேரி, காலிகட் என்று தங்கள் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. அந்தமானுக்கு முன்னால் கம்பெனிக்காரன் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குப் போன முதல் கைதிக் கூட்டமே மெட்ராஸ் கைதிகள் எண்பது பேர். பெங்கூலனிலிருந்து கப்பலில் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரின் பழைய ரோடுகளும் பாலங்களும் இப்படிப்பட்ட கைதிகளின் கைவேலை. அங்கே இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856க்குப் பிறகு இந்தியக் கைதிகள் கட்டினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்துப் பூசின சுவர் அது. அந்தச் சாந்துக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று பெயர் இருக்கிறது. பூசினவனுக்குப் பெயர் இல்லை.

*

இனி பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சட்டியை யார் அள்ளினது?

செல்லுலார் அறைக்குள் கக்கூஸ் கிடையாது. சாயந்தரம் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். ராத்திரிக்கு ஒரு சின்னச் சட்டி. அதை அள்ளிக் கழுவுவதற்குத் தனியே கைதிகள் இருந்தார்கள். சிறைக்குள்ளே அவர்களுக்குப் பேர் மேத்தர், பங்கி. வெளியே எந்தச் சாதி அதைச் செய்ததோ அதே சாதிதான் உள்ளேயும் செய்தது.

இது தானாக வந்ததல்ல. இதற்குப் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது. 1840களில் வட இந்தியச் சிறைகளில் வெள்ளை அதிகாரிகள், கைதிகள் தனித்தனியாகச் சமைத்துக்கொள்வதை நிறுத்திப் பொதுச் சமையல் கொண்டுவந்தார்கள். அடுத்தவன் சமைத்ததைத் தின்றால் சாதி கெடும் என்று கலவரம். 1855இல் பீகாரின் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் பித்தளைச் செம்பைப் பிடுங்கிக்கொண்டு மண் பாத்திரம் கொடுத்தார்கள். பித்தளை என்றால் தேய்த்துச் சுத்தம் பண்ணலாம், மண் பாத்திரம் தீட்டுப்பட்டால் பட்டதுதான். சிறைக்குள்ளே கைதிகளும் வெளியே ஊர்க்காரர்களும் திரண்டார்கள். சர்க்கார் பயந்து செம்பைத் திருப்பிக் கொடுத்தது. ரெண்டு வருஷம் கழித்து 1857. வெள்ளைக்காரன் பாடம் படித்துக்கொண்டான்: இந்த நாட்டில் முதுகுத்தோலை உரிக்கலாம், சாதியில் மட்டும் கைவைக்கக் கூடாது. பிறகு வந்த சிறை விதிப் புத்தகங்களில் சமையலுக்கு உயர்ந்த சாதி, மலத்துக்கு மேத்தர் என்று எழுதியே வைத்துவிட்டான்.

அந்தமானில் பண்டிட் ராம் ரக்ஷா என்ற புரட்சியாளர் பூணூலைக் கழற்றச் சொன்னதை எதிர்த்துப் பட்டினி கிடந்து செத்துப்போனார். அவர் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஒரு மனுஷன் தனக்குப் புனிதமென்று நினைப்பதற்காக உயிரையே கொடுக்கிறான். ஆனால் நான் கேட்கிறேன், சட்டியை அள்ளியவனுக்குப் பட்டினி கிடக்க எது இருந்தது? பிடுங்கிக்கொள்ள அவனிடம் எந்த நூல் இருந்தது? "நான் இதைச் செய்யமாட்டேன்" என்று அவன் வாளியைப் போட்டிருந்தால் அதற்குப் போராட்டம் என்று யாராவது பேர் வைத்திருப்பார்களா? பெரியப்பாவுக்குக் கிடைத்த பதில்தான் அவனுக்கும் கிடைத்திருக்கும்: வெளியே போய்ப் பார்த்துக்கலாம் தோழர்.

படத்தின் மலையாளப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காலாபானி என்றால் கறுப்புத் தண்ணி. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம் அந்தப் பெயரில் உறைந்திருக்கிறது. யாருக்குக் கறுப்பு அந்தத் தண்ணி? இழப்பதற்குச் சாதி உள்ளவனுக்கு. நம் சனங்கள் கூலிக்காரர்களாக இலங்கைக்கும் மொரீசியசுக்கும் பிஜிக்கும் அதே கடலில்தான் போனார்கள். அவர்கள் பயந்தது கங்காணிக்கும் காய்ச்சலுக்கும். சாதி போய்விடுமே என்று சேரிக்காரன் ஏன் அழப்போகிறான்?

அந்தமானில் இன்னொன்றும் நடந்தது. சில வருஷம் தண்டனை கழித்த கைதிக்கு நிலம் கொடுத்து, பெண் கைதியைக் கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதித்தார்கள். அதில் சாதி கலந்த கல்யாணங்கள் நிறைய. அந்தப் பிள்ளைகளின் வம்சத்தை அங்கே 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். பிரதான பூமியில் எந்தச் சீர்திருத்தக்காரராலும் முடியாத ஒன்றைக் கொலைகாரனும் திருடியும் சேர்ந்து குடும்பம் நடத்திச் செய்துவிட்டார்கள். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பெண் கைதிக்கு அதில் எவ்வளவு சம்மதம் இருந்தது என்பது தனிக் கேள்வி. ஆனாலும் காத்திருக்கிற பார்வதியைப் பற்றி மூணு மணி நேரம் படம் எடுக்க முடிகிறவர்களுக்கு, சாதி தெரியாமல் பிறந்த ஒரு பிள்ளையின் கதை தோன்றவே இல்லை பாருங்கள். அவர்கள் பயந்த 'கறுப்பு' இதுதான்.

இன்னொரு முகமும் இருக்கிறது. அம்ரீஷ் பூரி செய்த மிர்சா கான், சிறையின் ஜமாதார். நிஜத்திலும் அப்படி ஒருவன் இருந்தான். கைதிகளிலேயே சிலருக்குப் பட்டையும் தடியும் கொடுத்து மற்றவர்களை அடிக்கவிட்டது சிறை நிர்வாகம். தானே கைதி, தானே காவல். அடிமைக்குள் அடிமையை உண்டாக்குகிற அந்த ஏற்பாடு சாதிக்கு மிகவும் நெருங்கிய சொந்தம். படம் அந்த ஏற்பாட்டைக் காட்டியிருக்கலாம். அதற்குப் பதில் மிர்சா கானைப் பிறவிக் கொடூரனாக்கிவிட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு நாலு வருஷம்கூட ஆகாத நேரத்தில், கொட்டகையில் முஸ்லிம் வில்லனைப் பார்த்துப் பல்லைக் கடிக்க ஆள் நிறைய இருந்தார்கள்.

*

வெள்ளைக்காரன் 1947இல் போனான். செல்லுலார் சிறை 1979இல் தேசிய நினைவுச்சின்னமானது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. சிறை விதிப் புத்தகம் மட்டும் போகவில்லை. சுதந்திர இந்தியாவின் மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டன.

2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் போட்ட வழக்கு. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று பேர் அமர்வு. அந்தத் தீர்ப்பில் பல மாநிலங்களின் சிறை விதிகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேச விதி சொல்வது: சாதாரண தண்டனை பெற்றவனை இழிவான வேலைக்கு விடக்கூடாது, அப்படிப்பட்ட வேலை செய்து பழகிய சமூகத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலொழிய. மேற்கு வங்க விதியில் துப்புரவுக்கு மேத்தர், ஹரி சாதி. எல்லாம் புத்தகத்தில் அச்சாகி, 2024 வரைக்கும். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைப்பதும் வழக்கில் வந்தது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த விதிகளெல்லாம் செல்லாது, மூன்று மாதத்தில் திருத்துங்கள், சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டது.

சாதிக் கட்டம். பெரியப்பாவின் சாதியை எழுதிக்கொண்ட அதே கட்டம்.

அவர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க இல்லை. செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "கட்டத்த எடுத்துட்டா மூஞ்சியப் பாத்து கண்டுபுடிக்க மாட்டானா?" என்றிருப்பார். நியாயமான கேள்வி. சிறைக்கு வெளியே எந்த விதிப் புத்தகமும் சொல்லாமலே சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் எந்தச் சாதி என்று நமக்குத் தெரியும். அதனால் தீர்ப்பு வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட முடியாது. உங்கள் ஊர்ச் சிறையிலிருந்து வெளியே வருகிற நம் பையன்களிடம் கேளுங்கள்: உள்ளே உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள், உன் கூடப் போனவனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? கேட்டதை எழுதி வையுங்கள். அவன் சொல்லக் கூச்சப்படுவான். என் பெரியப்பாவுக்கு இருபது வருஷம் ஆனது, அதற்கும் ஒரு சினிமா தேவைப்பட்டது.

அந்தப் படத்தை இப்போது மறுபடியும் பார்த்தேன். பூட்சை நக்கும் காட்சியில் இப்போதும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. நான் கண்ணீருக்கு விரோதி இல்லை. ஆனால் இந்தத் தடவை என் கண் மோகன்லாலைத் தாண்டி அந்த நீளமான தாழ்வாரத்திலேயே இருந்தது. விடியற்காலையில் கதவு கதவாக நின்று, கையில் வாளியோடு, குனிந்து குனிந்து ஒருவன் வந்துகொண்டிருக்க வேண்டும். எழுநூறுக்குக் கிட்டத்தட்ட அறைகள், எழுநூறு சட்டிகள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.